ஃப்ரீசரில் குறைந்த மூன்று குழாய்கள்: ஆய்வகப் புரதம் ஒன்று சர்க்கரைப் புண்ணுக்குப் போன நிகழ்வு

இதில் வரும் உதவியாளர், அவருடைய அம்மா, ஆய்வு மாணவி மூவரிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர், ஆண்டு, கல்லூரி, மருத்துவமனை எதையும் சொல்லப் போவதில்லை. செல் வளர்ப்பு அறை வைத்திருக்கும் எந்தக் கல்லூரியிலும் இது நடக்கலாம். நடந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருப்பவர்கள் குறைவு. நானும் யோசித்ததில்லை.

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஒரு கல்லூரியில், உயிரித்தொழில்நுட்பத் துறையின் செல் வளர்ப்பு அறை என் பொறுப்பில் இருக்கிறது. சிறிய அறைதான். ஒரு இன்குபேட்டர், ஒரு நுண்ணோக்கி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசர் ஒன்று, மின்தடைக்கு ஒரு ஜெனரேட்டர். என்னுடைய ஆய்வு மாணவி முட்டம் பாறைகளில் படர்ந்திருக்கும் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசியின் சாற்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். தட்டில் வளர்த்த மனிதத் தோல் செல்களின் மேல் பைபெட் முனையால் ஒரு கோடு கீறுவோம். இருபுறமும் உள்ள செல்கள் நகர்ந்து அந்த இடைவெளியை மூட எவ்வளவு நேரம் ஆகிறது என்று படம் எடுத்துப் பார்ப்போம். கீறல் சோதனை என்பது இதுதான்.

கடற்பாசிச் சாறு வேலை செய்கிறதா என்று சொல்ல வேண்டுமானால், கட்டாயம் வேலை செய்யும் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அதற்காக வாங்கியதுதான் மனித இஜிஎஃப், அதாவது மேல்தோல் வளர்ச்சிக் காரணி. 53 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். பிறந்த எலிக்குட்டிகளுக்கு எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைக் கொடுத்தபோது, வழக்கமான நாளுக்கு முன்பே அவற்றின் கண் திறந்ததைக் கவனித்து, அந்தப் பொருளைத் தேடிப் பிரித்தெடுத்தவர் ஸ்டான்லி கோஹன். 1986இல் ரீட்டா லெவி மோன்டால்சினியுடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அதே புரதத்தின் மனித வடிவத்துக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைக் கொண்டே தயாரிக்கிறார்கள்.

எங்களுக்கு வந்தது 100 மைக்ரோகிராம் உள்ள ஒரு குப்பி. உறைய வைத்து உலர்த்திய பொடி, கண்ணுக்குத் தெரியாத அளவு. மூடியில் ஒட்டியிருக்கும் என்பதால் முதலில் சுழற்றி அடியில் இறக்கினோம். பிறகு 0.1 சதவீதம் மாட்டு அல்புமின், அதாவது மாட்டு ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம், கலந்த ஒரு மில்லிலிட்டர் நீரில் கரைத்தோம். நீர்த்த நிலையில் இந்தப் புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டு வீணாகும். அல்புமின் சேர்ப்பது அதைத் தடுக்கத்தான். திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் புரதம் கெட்டுவிடும் என்பதால், 50 மைக்ரோலிட்டர் வீதம் 20 சிறு குழாய்களாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்தோம். குழாய்களின் மேல் மாணவி பேனாவால் எழுதியது ‘மனித இஜிஎஃப்’ என்பதும் தேதியும் மட்டும். ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அச்சடித்திருந்த மூலக் குப்பி, காலியானதும் குப்பைக்குப் போய்விட்டது. எல்லா ஆய்வகத்திலும் இப்படித்தான் நடக்கும். நான் பழகிய ஆய்வகத்திலும் அப்படித்தான் நடந்தது.

உதவியாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவர், முப்பது வயதுக்குள். ஒப்பந்த வேலை. ஆட்டோகிளேவ் ஓட்டுவது, கண்ணாடி கழுவுவது, மின்தடை வந்தால் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு ஃப்ரீசர் வெப்பநிலையைக் குறித்து வைப்பது எல்லாம் அவர் வேலை. கடகமழை பெய்த இரவுகளில் ஃப்ரீசருக்காகவே கல்லூரியில் தங்கியிருக்கிறார். அவர் கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் கவலைப்பட வேண்டியதில்லை என்றே நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். இன்றும் நினைக்கிறோம்.

இளநிலை மாணவர்களுக்கு ஒருநாள் கீறல் சோதனையைக் காட்டினேன். திரையில் இரண்டு படங்கள். ஒன்றில் 24 மணி நேரம் கழித்தும் கோடு பாதி திறந்தே இருந்தது. இஜிஎஃப் போட்ட இன்னொன்றில் கோடே தெரியவில்லை. ‘பாருங்க, ஒரே ராத்திரியில புண்ணு மூடிடுச்சு’ என்றேன். கீறல் என்று சொல்லியிருக்க வேண்டும். புண் என்றேன். கழுவிய பீக்கர் தட்டோடு வாசலில் நின்று உதவியாளரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கணக்கு இடித்தது

அதற்குப் பிறகு மூன்று வாரம் இருக்கும். ஜூன் மாத மழை பிடித்துக்கொண்ட சமயம். மாணவி என் அறைக்கு வந்து, பதிவேட்டின்படி 5 குழாய் செலவானது, பெட்டியில் 15 இருக்க வேண்டும், 12தான் இருக்கிறது என்றார். குரல் நடுங்கியது. தன் மேல்தான் சந்தேகம் வரும் என்ற பயம். உட்காரச் சொல்லி, எழுத மறந்திருக்கலாம், வேறு பெட்டிக்குள் போயிருக்கலாம், தேடிப் பார்ப்போம் என்றேன்.

தேடினோம். ஃப்ரீசரின் எல்லாப் பெட்டிகளையும் உலர்பனிக்கட்டி மேல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கிடைக்கவில்லை. மதியம் அந்த அறைக்குள் வந்து போகும் ஐந்து பேரையும் ஒன்றாக வைத்து, ‘மூணு குழாய் குறையுது. யாராவது தெரியாம எடுத்திருந்தா தப்பு இல்ல, எங்க போச்சுன்னு தெரிஞ்சா போதும், பரிசோதனைக் கணக்குக்கு வேணும்’ என்று மட்டும் சொன்னேன். தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. அப்படிச் செய்தால் உண்மை வெளியே வருவதற்கு முன்பே அது திருட்டாகிவிடும் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன். அந்த நாளில் நான் சரியாகச் செய்த முதல் காரியம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஐந்தரை மணிக்கு எல்லாரும் போன பிறகு உதவியாளர் வந்தார்.

அவர் சொன்னது

‘அம்மைக்கு கால்ல புண்ணு சார். ரெண்டு மாசமா கரியல.’

அம்மாவுக்கு 58 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. முந்திரி ஆலையில் வேலை. உடைத்த ஓட்டின் துண்டு ஒன்று தேய்ந்த செருப்பைத் துளைத்து, வலது பெருவிரலுக்குக் கீழே பாதத்தில் குத்தியிருக்கிறது. அவருக்கு வலிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது தண்ணீர் சிவந்ததைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கிறது. மஞ்சள் வைத்தார்கள். பிறகு வைத்தியசாலை எண்ணெய். பிறகு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பு. எதற்கும் மூடவில்லை. ஆலைக்கு நடந்து போவதும் நிற்கவில்லை.

அந்த இரண்டு படங்களைப் பார்த்த பிறகு அவருக்குத் தூக்கமில்லை. மூன்று இரவுகள், தினம் ஒரு குழாயாக, ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். புண்ணைக் காய்ச்சிய தண்ணீரில் கழுவி, சொட்டு சொட்டாக விட்டு, துணி வைத்துக் கட்டியிருக்கிறார். கடைசிக் குழாய் போட்டு இரண்டு நாள் ஆகிறது. நேற்றிலிருந்து பாதத்தின் மேல்புறம் சிவந்து வீங்கியிருக்கிறது, இரவு குளிர் எடுத்தது என்றார். ‘நான் போட்டதுனாலயா சார்?’ என்று கேட்டார். குழாய்களைப் பற்றி அவர் அதுவரை பேசவே இல்லை. திருடியதை ஒப்புக்கொள்ள வந்தவர் மாதிரி இல்லை அவர். உதவி கேட்டு வந்திருந்தார்.

அன்று இரவு எடுத்த முடிவுகள்

முடிவு ஒன்று: குழாய் விவகாரத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு அம்மாவை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. நான் மருத்துவன் இல்லை. ஆனால் சர்க்கரை நோயாளி, வலி தெரியாத கால், பரவும் சிவப்பு, குளிர் காய்ச்சல் என்ற நான்கும் சேர்ந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது என்பது தெரியும். உணர்ச்சி இழந்த காலில் வலி இல்லை என்பது நல்ல செய்தி ஆகாது.

திருவட்டார் பக்கம், ரப்பர் தோட்டத்து ஓரம் வீடு. நான் போனபோது அம்மா திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ‘ஒண்ணுமில்ல சாரே, இவன் சும்மா பயப்படுதான்’ என்றார். கட்டைப் பிரிக்க வேண்டாம் என்றேன். பிரிக்காமலே வாசனை வந்தது. காரில் ஏற்றி அழகியமண்டபம், தக்கலை வழியாக நாகர்கோவிலில் உள்ள ஒரு மருத்துவமனைக்குப் போனோம்.

முடிவு இரண்டு: மருத்துவரிடம் எதையும் மறைக்காமல் சொல்வது. காரில் உதவியாளர் என்னிடம் கெஞ்சினார். சொன்னால் போலீசுக்குப் போகும், அம்மாவைப் பார்க்க மாட்டேன் என்பார்கள் என்று பயந்தார். அவர் பயத்தை லேசாக எண்ணவில்லை. எனக்கும் பயம் இருந்தது. பொறுப்பாளர் நான். ஆனால் புண்ணில் விழுந்தது என்ன என்று தெரியாத மருத்துவர், தெரியாததை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். புரதத்தின் தகவல் தாளை ஆய்வகத்திலிருந்தே அச்சடித்து எடுத்து வந்திருந்தேன். எந்தப் பாக்டீரியாவில் தயாரித்தது, தூய்மை எவ்வளவு, எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சின் வரம்பு என்ன என்பதெல்லாம் அதில் இருந்தது. நாங்கள் சேர்த்த அல்புமினைப் பேனாவால் எழுதினேன். எத்தனை குழாய், எந்தெந்த இரவு, எப்படிக் கழுவினார் என்பதை உதவியாளரே சொன்னார்.

மருத்துவமனையில்

பணியில் இருந்த அறுவை மருத்துவர் தாளை முழுவதும் படித்தார். யாரையும் திட்டவில்லை. ‘சொன்னது நல்லது. இப்ப நமக்கு முன்னால இருக்கிறது தொற்று. அதப் பார்ப்போம்’ என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் உதவியாளரின் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

சர்க்கரை 340. மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 10.8. மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் பல இடங்களில் தொட்டபோது அம்மாவுக்கு ஒரு இடத்திலும் தெரியவில்லை. கணுக்காலில் நாடித்துடிப்பு நன்றாக இருந்தது. அதாவது ரத்த ஓட்டம் இருக்கிறது. உலோகக் குச்சியால் புண்ணின் அடியைத் தொட்டுப் பார்த்ததில் எலும்பு தட்டுப்படவில்லை. எக்ஸ்ரேயிலும் எலும்பில் மாற்றம் இல்லை. தடித்த காய்ப்புத் தோலுக்கு அடியில் சீழ் கட்டியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு ரூபாய் நாணயம் அளவு, உள்ளே அதைவிடப் பெரியது. மறுநாள் காலை காய்ப்பையும் செத்த சதையையும் வெட்டி அகற்றினார்கள். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பி, நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக்கும் இன்சுலினும் தொடங்கினார்கள்.

நாங்கள் போட்டதால்தான் தொற்று வந்ததா என்ற கேள்விக்கு மருத்துவர் நேராகப் பதில் சொன்னார்: காய்ப்புக்கு அடியில் சீழ் சேர்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் அது முன்பே தொடங்கியிருக்க வேண்டும்; கிருமி நீக்காத திரவத்தை அதில் விட்டது உதவியிருக்காது; எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. சீழில் வளர்ந்தது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், நம் தோலிலேயே இருக்கும் கிருமி. எங்கிருந்து வந்தது என்பதற்கு அது சாட்சி சொல்லாது. மருத்துவர் சொன்ன இன்னொன்று என்னை அதிகம் உறுத்தியது. புரதத்தை நம்பி மூன்று நாள் காத்திருந்ததுதான் உண்மையான சேதம் என்றார்.

‘இன்சுலினும் அப்படித்தானே சார்?’

அன்று இரவு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது உதவியாளர் கேட்டது இது: ‘அம்மைக்கு இப்ப ஏத்துற இன்சுலினும் பாக்டீரியாவுல செஞ்சதுதானே சார்? நீங்கதானே கிளாஸ்ல சொன்னீங்க. அது மருந்து, இது ஏன் மருந்து இல்ல?’

நல்ல கேள்வி. அவசரமாக ஏதோ சொல்லி மூடப் பார்க்கவில்லை. அவர் நினைத்ததற்கு ஆதாரம் இருக்கிறது. மனித இன்சுலினுக்கு 51 அமினோ அமிலங்கள், இஜிஎஃபுக்கு 53. இரண்டிலும் புரதத்தின் வடிவத்தைப் பிடித்து வைக்கும் மூன்று கந்தகப் பாலங்கள். இரண்டையும் ஈ.கோலையில் தயாரிக்கிறார்கள். மரபணு மாற்றத்தின் வழி கிடைத்த மனித இன்சுலினுக்கு அமெரிக்காவில் 1982இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. மூலக்கூறை மட்டும் பார்த்தால் இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

வித்தியாசம் புரதத்தில் இல்லை, அது நம் கைக்கு வந்து சேர்ந்த வழியில் இருக்கிறது. இன்சுலின் குப்பியின் மேல் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள், ஒரு மில்லிலிட்டரில் எத்தனை அலகு என்பதெல்லாம் இருக்கும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, கிருமி இருக்கிறதா, பாக்டீரியாவின் பிற புரதங்கள் எவ்வளவு மிச்சம், எண்டோடாக்சின் எவ்வளவு என்று பார்த்த பிறகே கடைக்கு வரும். அதற்கும் முன்னால் நோயாளிகளிடம் படிப்படியாகச் சோதித்து, எவ்வளவு கொடுத்தால் பயன், எவ்வளவில் ஆபத்து என்று கண்டிருப்பார்கள். ஆய்வகக் குப்பியைத் தயாரித்தவர் நமக்குச் சொல்லும் உறுதி ஒன்றுதான்: தட்டில் வளரும் செல்லில் இது வேலை செய்யும். மனித உடம்பைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, சொல்ல அவருக்கு அவசியமும் இல்லை.

செல் தட்டில் நாம் போட்ட கீறலும் அம்மாவின் காலில் இருக்கும் புண்ணும் ஒன்று இல்லை என்றும் சொன்னேன். தட்டில் கிருமி இல்லை, சீழ் இல்லை, செத்த சதை இல்லை, நடந்து மிதிக்கும் பாரம் இல்லை. நாள்பட்ட புண்ணில் புரதங்களை அறுத்துத் தள்ளும் நொதிகள் நிறைய இருக்கும். அவற்றின் நடுவில் விழும் வளர்ச்சிக் காரணி தன் வேலையைத் தொடங்குவதற்குள் துண்டாகிவிடும். அதனால்தான் எந்த மருந்துக்கும் முன்னால் வெட்டிச் சுத்தம் செய்கிறார்கள்.

வளர்ச்சிக் காரணிகளைப் புண்ணுக்கு மருந்தாக்கியும் இருக்கிறார்கள். இஜிஎஃப் கலந்த களிம்பு இந்தியாவிலேயே, மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கிறது. கியூபாவில் இதே புரதத்தைச் சர்க்கரைப் புண்ணுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள். அமெரிக்காவில் 1997இல் வேறொரு வளர்ச்சிக் காரணியான பிடிஜிஎஃப் களிம்புக்கு அனுமதி கிடைத்தது. 2008இல் அதை அதிகம் பயன்படுத்தியவர்களிடம் புற்றுநோய் மரணம் கூடுகிறதோ என்ற ஐயத்தால் கடும் எச்சரிக்கை சேர்த்தார்கள். கூடுதல் ஆய்வுகளுக்குப் பின் 2018இல் அந்த எச்சரிக்கையை நீக்கினார்கள். அனுமதி பெற்ற மருந்தையே இருபது வருடம் கண்காணிக்கிறார்கள். நம்முடைய குழாயை யார் கண்காணித்தார்கள்?

அவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: ‘ஆராய்ச்சிக்கு மட்டும்னு குப்பியில பார்த்தேன் சார். விலை கூடுன சாதனம், நம்மள மாதிரி ஆளுகளுக்கு இல்லன்னு அர்த்தம்னு நெனச்சேன்.’

நான் இந்த நிகழ்வை எழுதுவதற்குக் காரணமே இந்த வாக்கியம்தான். இருபது வருடமாக அந்த எச்சரிக்கையைப் பார்த்து வருகிறேன். எனக்கு அது பாதுகாப்பு எச்சரிக்கை. அவருக்கு அது ‘அனுமதி இன்றி உள்ளே வரக்கூடாது’ என்பது மாதிரியான ஒரு சொந்தக்காரர் அறிவிப்பு. எழுதியிருப்பதில் ஏன் என்று ஒரு சொல்லும் இல்லை என்பதால் இரண்டு அர்த்தத்துக்கும் இடம் இருக்கிறது. பெற்ற தாயின் கால் அழுகும்போது சொந்தக்காரர் அறிவிப்பு யாரையும் தடுக்காது.

புண்ணில் விழுந்தது எவ்வளவு

மறுநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு குழாயில் 5 மைக்ரோகிராம் இஜிஎஃப். செல் தட்டுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் போதும் என்பதால், அந்த ஒரு குழாய் அரை லிட்டர் வளர்ப்பு ஊடகத்துக்கு வரும். ஆய்வகத்தில் அது பெரிய அளவு. ஆனால் மருந்தாக வரும் களிம்பில் ஒரு கிராமுக்கு 150 மைக்ரோகிராம் இருக்கிறது. மூன்று குழாய் சேர்த்து 15 மைக்ரோகிராம், அதாவது களிம்பில் பத்தில் ஒரு பங்கு கிராம். எங்கள் முழுக் குப்பியையும் கொட்டியிருந்தால்கூட ஒரு கிராம் களிம்புக்கு ஈடாகாது.

அல்புமின் கணக்கு இன்னும் வருத்தம் தந்தது. 0.1 சதவீதம் என்றால் 50 மைக்ரோலிட்டரில் 50 மைக்ரோகிராம். ஆக அம்மாவின் புண்ணில் விழுந்ததில் மனிதப் புரதத்தைப் போல பத்து மடங்கு மாட்டு அல்புமின். குழாயின் மேல் எழுதியிருந்ததோ ‘மனித இஜிஎஃப்’. எண்டோடாக்சினைப் பொறுத்தவரை, மைக்ரோகிராமுக்கு ஒரு அலகுக்கும் குறைவு என்று தாளில் இருந்தது, எனவே மொத்தமே 15 அலகுக்குள்தான். அதைவிட ஃபிளாஸ்க் தண்ணீரும் வீட்டுத் துணியும்தான் கவலைக்குரியவை என்றார் மருத்துவர்.

கல்லூரியில்

மூன்றாம் நாள் துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்தேன். நடந்ததை வரிசையாக எழுதி, என் பங்கு இரண்டையும் சேர்த்தேன்: எச்சரிக்கை இல்லாத குழாய், புண் என்று சொன்ன வகுப்பு. வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பொருளை எடுத்தது எடுத்ததுதான். ஆனால் இவர் தானாக வந்து சொன்னதால்தான் ஒரு கால் பிழைத்தது. சொன்னவரை அனுப்பிவிட்டால் அடுத்து ஒருவர் எடுத்தால் சொல்வாரா என்று கேட்டேன். கடைசியில் எழுத்து மூலம் எச்சரிக்கை, ஆறு மாதத்துக்கு ஃப்ரீசர் சாவி அவரிடம் இல்லை என்ற அளவில் முடிந்தது. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதை யாரும் ஏற்கவில்லை.

மாணவிக்குத்தான் நட்டம் அதிகம். மிச்சமிருந்த 12 குழாய்களில் ஒன்றை எடுத்துக் கீறல் சோதனை செய்ததில் கோடு முன்போலவே மூடியது. ஆனால் அந்தப் பெட்டி மூன்று இரவுகள் எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று பதிவு இல்லாதபோது, அதை ஆய்வேட்டில் சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்தோம். புதிய குப்பி வர ஏழு வாரம் ஆயிற்று. ‘அவங்க அம்மாவுக்கு நல்லாகணும் சார், ஆனா என் வேலைக்கு யார் பதில் சொல்றது?’ என்று கேட்டார். அந்தக் கோபம் சரியானது. இரண்டு வாரம் அவரும் உதவியாளரும் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் ஒருநாள் அவரே அம்மாவைப் பார்க்க மருந்தகப் பையோடு போய்வந்தார்.

அம்மாவின் கால்

பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தார். வீடு திரும்பும்போது மருத்துவர் மூன்று விஷயங்களில் கறாராக இருந்தார்: இன்சுலின், ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுவது, அந்தப் பாதத்தில் பாரம் போடவே கூடாது என்பது. மூன்றாவதுதான் கடினம். கழிப்பறை வீட்டுக்கு வெளியே. மகன் கைப்பிடி வைத்து ஒரு நடைபாதை கட்டினார். பிறகு எம்சிஆர் செருப்பு, அதாவது சர்க்கரை நோயாளிகளுக்கான மென்மையான ரப்பர் செருப்பு, வாங்கி, புண் படும் இடத்தில் குழிவாக வெட்டித் தந்தார்கள்.

இஜிஎஃப் களிம்பு தேவையா என்று நானே மருத்துவரிடம் கேட்டேன். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, அடிப்பகுதி சுத்தமாகிவிட்டது, நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறைகிறதா என்று பார்ப்போம், குறையாவிட்டால் யோசிப்போம் என்றார். நான்காம் வாரம் பாதிக்கும் கீழே போய்விட்டது. களிம்பு தேவைப்படவில்லை. பதினான்காம் வாரம் மூடியது. எச்பிஏ1சி 7.6க்கு வந்தது. ‘அண்டி ஆபீஸ்ல இப்ப மேசைக்கு மாத்தித் தந்துட்டாவ’ என்று அம்மா சொன்னார். முந்திரி ஆலையைத்தான் அப்படிச் சொல்வார்கள். உட்கார்ந்தபடி பருப்பு தரம் பிரிக்கும் வேலை.

மாற்றியவை, மாற்றியிருக்க வேண்டியவை

இப்போது ஒவ்வொரு சிறு குழாயின் பெட்டியிலும் மூலக் குப்பியின் சீட்டைப் பிரதி எடுத்து ஒட்டுகிறோம். என்னென்ன கலந்திருக்கிறோம் என்பதும் அதில் இருக்கும். கீறல் சோதனையை விளக்கும்போது புண் என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. மாணவர்கள் சொன்னாலும் நிறுத்தித் திருத்துகிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் பாதுகாப்புப் பேச்சு தமிழில் நடக்கிறது, துப்புரவுப் பணியாளர்கள் உட்பட எல்லாரும் உட்கார்ந்து கேட்கிறார்கள். கேள்வி கேட்க அரை மணி நேரம் தனியாக உண்டு. முதல் வருடமே ஒருவர் எழுந்து, ஆய்வகத்தில் இருக்கும் ஆன்டிபயாட்டிக் பொடியைக் கோழிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். கேட்டாரே என்று இருந்தது எனக்கு.

நான் வேறு விதமாகச் செய்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த இரண்டு மாதத்தில் உதவியாளர் நான்கு தடவை அரை நாள் விடுப்பு எடுத்திருந்தார். காரணம் ‘அம்மைக்கு சுகமில்லை’ என்று எழுதியிருந்தார். நான்கு சீட்டிலும் கையெழுத்துப் போட்டவன் நான். ஒருமுறையாவது என்ன சுகமில்லை என்று கேட்டிருந்தால் அம்மா ஏப்ரலிலேயே மருத்துவமனைக்குப் போயிருப்பார்.

ஃப்ரீசர் கதவில் தமிழில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறோம். முதல் மூன்று வரி நான் எழுதியது: ‘இதில் இருப்பது மருந்து அல்ல. கிருமி நீக்கியது என்ற உறுதி இல்லை. மனித உடலுக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்று யாரும் சோதிக்கவில்லை.’ உதவியாளர் படித்துவிட்டு, இது போதாது சார், வீட்டில் நோய் இருக்கிறவன் இதைப் படித்தாலும் எடுப்பான் என்றார். நான்காவது வரியை அவரே சொன்னார், அப்படியே எழுதினோம்: ‘வீட்டில் யாருக்காவது ஆறாத புண் இருந்தால் ஆய்வகப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.’ அதற்குக் கீழே என் கைப்பேசி எண்ணும் அவருடைய எண்ணும் இருக்கின்றன.